ஆயிரத்து நூற்றைம்பதில் வைத்த ஐட்லிங்

போன மாதம் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. பேசியவர் பிரகாஷ், இப்போது அங்கே சர்வீஸ் பொறுப்பில் இருப்பவர். மாதவரத்துக்காரர் ஒருவர் தன் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு ரேஸ் கேம் ஷாஃப்ட் வரவழைத்துப் போட்டிருக்கிறாராம். ரோட்டில் பிய்த்துக்கொண்டு போகிற வண்டி சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாயிற்று, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாயிற்று, ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றுகிற வேகத்தை, கொஞ்சம் ஏற்றினால் அணையாமல் ஓடுகிறது, ஏற்றி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று நான் சொன்ன வேகம் அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. நேரத்துக்குப் பஞ்சமில்லை.

நான் திருவொற்றியூர்க்காரன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் இரண்டு வருடம், பஸ் டிப்போவில் அப்ரண்டிஸ் ஒரு வருடம், அதற்குப் பிறகு எர்ணாவூர் பக்கத்தில் இருந்த ஒரே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருடம். துறைமுகத்திலும் கன்டெய்னர் யார்டுகளிலும் பாரம் தூக்கும் வண்டிகள்தான் எங்களிடம் வரும். அவற்றில் கிளட்ச் கிடையாது, டார்க் கன்வர்ட்டர் இருக்கும். அந்த கன்வர்ட்டர் பெஞ்ச் என்னுடையது.

கன்வர்ட்டர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்றவிட்டால், அந்தக் காற்றில் இன்னொன்றும் சுற்றும் அல்லவா? அதேதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது, அது தள்ளுகிற எண்ணெய் இன்னொன்றைச் சுற்றி வண்டியை நகர்த்துகிறது. பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் இன்ஜின் ஓர் அளவு வரைதான் ஏறும். அதற்கு மேல் எண்ணெய் அதை விடாது. அந்த அளவுக்குத்தான் ஸ்டால் ஸ்பீடு என்று பெயர்.

கேம் ஷாஃப்ட்டின் வேலை, வால்வுகளை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று தீர்மானிப்பது. ரேஸ் கேம் அதிக நேரம் திறந்து வைக்கும். அதனால் மேல் சுற்றில் இன்ஜின் புலியாகப் பாயும். கீழ் சுற்றில் தூங்கி வழியும், குலுங்கும். கேம் எந்தச் சுற்றில் விழிக்கிறதோ, அந்தச் சுற்றை ஒட்டி கன்வர்ட்டரின் ஸ்டால் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல இன்ஜினும் உதவாது. நான் சொல்ல வந்த விஷயம் மொத்தமே இவ்வளவுதான். ஆனால் இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேறு.

என் நாற்பத்தைந்தாவது வயதில் எங்களுக்குப் புது ஒர்க்ஸ் மேனேஜர் வந்தார். பெயர் ஷமீமா. வண்ணாரப்பேட்டைப் பெண், அப்போது முப்பதைக்கூடத் தொடவில்லை. சல்வார் மேல் நீலக் கோட்டு, இறுக்கிப் பின் குத்திய முக்காடு, கையில் சிறிய பென்சில். இந்தப் பெண் நமக்கு என்ன சொல்லப்போகிறது என்று நாங்கள் நினைத்தது உண்மை. அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்கவில்லை.

வண்டி வந்தால் உடனே கை வைக்க மாட்டார். ஒரு சுற்று சுற்றி வந்து, ஓட்டுநரிடம் பேசிவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கச் சொல்வார். ஸ்டால் டெஸ்ட் என்றால் அவருக்குத் தொழுகை மாதிரி, ஒரு படியைக்கூடத் தாண்ட விடமாட்டார். முதலில் எண்ணெய் நன்றாகச் சூடேற வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை. வண்டிக்கு முன்னால் ஈ காக்கை இருக்கக் கூடாது. கால் பிரேக், கை பிரேக் இரண்டும் பிடித்துக் கியர் போட்டு முழு ஆக்சிலேட்டர். அவரே சத்தமாக ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவார். ஐந்துக்கு மேல் ஒரு நொடிகூடக் கிடையாது, எண்ணெய் கொதித்துவிடும். பிறகு நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. மொத்தம் மூன்று முறை. மூன்று பேர் மீட்டரைப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனித் தாளில் எழுத வேண்டும்.

நடுவில் யாராவது இன்ஜின் வீக் என்றோ கன்வர்ட்டர் போய்விட்டது என்றோ ஆரம்பித்தால் நிமிர்ந்து பார்ப்பார். "பாத்ததைச் சொல்லுங்க அண்ணே, நெனச்சதை அப்புறம் பேசலாம்." தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டார். அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்பார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம்.

அவர் வந்த மூன்றாம் வருடம் எனக்கு ஒரு பெயர் வந்தது. மணலியில் டேங்கர் லாரிகள் வைத்திருந்த ஒருவருக்குப் பழைய அமெரிக்கக் கார் மேல் பைத்தியம். எட்டு சிலிண்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடக்கும் நேர்கோட்டு ரேஸில் ஓடவேண்டும் என்று ரேஸ் கேம் போட்டார். கொடி அசைந்ததும் கார் முனகிக்கொண்டு நின்றது. டெஸ்ட் செய்து பார்த்தோம். கேம் விழிப்பது நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றில், ஸ்டால் ஆயிரத்து எண்ணூறில். கன்வர்ட்டரை லேத்தில் ஏற்றி வெல்டிங்கை அறுத்துத் திறந்து, எண்ணெய் இன்ஜினைச் சீக்கிரம் பிடித்து நிறுத்தாதபடி, உள்ளே இருந்த விசிறித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வளைத்தேன். நான்கு நாள் பிடித்தது. ஒரு தகடு கொஞ்சம் கூடக் குறைய வளைந்தாலும் எல்லாம் அதிரும். மறுபடி பற்றவைத்து, சமன் பார்த்து, காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிக் கசிவு பார்த்தேன். ஸ்டால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அவர் பிரிவில் அந்தக் கார் முதலாவதாக வந்தது.

அதற்குப் பிறகு கொருக்குப்பேட்டை முதல் எண்ணூர் வரை நான் 'கன்வர்ட்டர் சேகர்'. பெயர் வந்தால் கூடவே தலைக்கனமும் வரும். எனக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை எண்ணூர்ப் பக்கத்து இரும்புக் குடோன் ஒன்றிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வந்தது. மூன்று டன் வண்டி, கேஸில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜின். குடோன் வாசலில் சரிவு இருக்கிறது, பாரத்தோடு ஏறத் திணறுகிறது என்று வெளி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து இன்ஜினைப் பிரித்திருக்கிறார்கள். அவர் பவர் வேண்டுமென்று ரேஸ் கேம் ஒன்றைப் போட்டுவிட்டார். இப்போது கியர் போட்டாலே அணைந்தது.

ஷமீமா மேடம் அன்று விடுமுறை, பெற்றோரை ஹஜ்ஜுக்கு வழியனுப்பப் போயிருந்தார். எனக்குப் பின்னால் ஐந்து வண்டி காத்திருந்தது. ஸ்டால் டெஸ்ட் வைக்கவில்லை. ஐட்லிங் எழுநூற்றைம்பதில் இருந்தது. ஐட்லிங்கைக் கூட்டும் திருகை முறுக்கி ஏற்றினேன். ஆயிரத்து நூற்றைம்பதில் கியர் போட்டால் அணையவில்லை. ஜாப் கார்டில் 'ஐட்லிங் சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியை எடுக்க வந்த ஓட்டுநர் பெயர் ஆரோக்கியசாமி. ராயபுரத்துக்காரர், என் வயதுதான். இருபது வருடம் ஃபோர்க்லிஃப்ட்டிலேயே உட்கார்ந்தவர். வாசல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னாண்ணே, கியரைப் போட்டா கயித்த அவுத்து வுட்ட மாடு மாதிரி இஸ்துகினு போவுது?"

"பிரேக்க நல்லா அமுக்கிப் புடி. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன். அவர் இரண்டு நொடி என்னையே பார்த்தார். கன்வர்ட்டர் சேகர் சொல்கிறபோது அவர் என்ன சொல்வார்? போய்விட்டார்.

மூன்றாவது வாரம் விபத்து நடந்தது. ஆரோக்கியசாமி இரும்புக் கட்டைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுவந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரில் நின்றிருக்கிறார். லோடுமேன் ஏழுமலை, கட்டுக்கு அடியில் வைக்க மரக்கட்டையோடு குனிந்திருக்கிறார். வண்டி முன்னால் போய் அவர் வலது காலைச் சுவரோடு நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

வண்டி தானாகத் தள்ளியது, நான் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை என்று ஆரோக்கியசாமி சொன்னதை யாரும் நம்பவில்லை. குடித்திருந்தார் என்று ஒருவர், போன் பேசினார் என்று ஒருவர். குடோன் முதலாளி அவரை அன்றே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் அவர் பெயரில் கேஸ் பதிவானது. அதன் பிறகு வண்டியை எங்களிடம் அனுப்பி, பிரேக்கில் பழுது இல்லை, வண்டியில் குறை இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள்.

வண்டி கேட்டுக்குள் நுழைகிற சத்தத்திலேயே அது எந்த வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேம் போட்ட இன்ஜின் நொண்டி நொண்டித்தான் ஓடும். விஷயத்தை வண்டி கொண்டுவந்தவர் சொன்னார். மேடம் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தோம். பழுது இல்லை. கடிதம் அந்த இடத்தோடு முடிந்திருக்கலாம்.

அலமாரியிலிருந்து அவர் ஜாப் கார்டு கட்டை எடுத்தார். அவர் பிரிக்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மேடம், ஐட்லிங்க ஏத்தினது நான். ஸ்டால் டெஸ்ட் வைக்கல. ஓட்டறவரு வண்டி இழுக்குதுன்னு சொன்னாரு, பழகிடும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் கட்டைக் கீழே வைத்தார். பிறகு அதே குரலில் சொன்னார்: "டெஸ்ட் முடியட்டும் அண்ணே. அப்புறம் எழுதுங்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு டெஸ்ட். குடோன் முதலாளியும் ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ.யும் வந்திருந்தார்கள். மேடம் ஆரோக்கியசாமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எதற்கு என்று முதலாளி முகம் சுளித்தார். அன்று வண்டியில் இருந்தவர் அவர்தானே என்றார் மேடம்.

முதலில் ஸ்டால் டெஸ்ட். அந்த இன்ஜினுக்கு ஆயிரத்து எழுநூறு வர வேண்டும். மூன்று தாளிலும் ஆயிரத்து நானூறு. கீழ் சுற்றில் இன்ஜினின் இழுவை மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. கேம் விழிப்பது இரண்டாயிரத்து ஐந்நூறில். கன்வர்ட்டர் அதை ஆயிரத்து நானூறிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. சரிவு ஏறுவதற்காகப் போட்ட கேம், சரிவையே ஏறவிடாமல் செய்திருந்தது.

அடுத்ததை மேடம் அன்று புதிதாக யோசித்துச் செய்தார். வண்டியின் பின்பக்கம் சங்கிலி மாட்டி, நடுவில் பெரிய ஸ்பிரிங் தராசு ஒன்றைக் கோர்த்து, மறுமுனையை ஷெட் தூணில் கட்டச் சொன்னார். பிரேக்கை விட்டு, கியர் மட்டும் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க. திருகை இறக்கி எழுநூற்றைம்பதில் வைத்தால் அறுபது கிலோ இழுத்தது, பத்து நொடியில் அணைந்தது. நான் வைத்த இடத்துக்கே மறுபடி ஏற்றினோம். சராசரி நூற்று நாற்பது.

சராசரிதான். ஏனென்றால் முள் நிற்கவில்லை. நூற்றுப் பத்துக்கு இறங்கியது, நூற்று எண்பதுக்கு எகிறியது, மறுபடி இறங்கியது. நான் சுற்று காட்டும் டாக்கோ மீட்டரைப் பார்த்தேன். ரேஸ் கேமின் குலுக்கலில் ஐட்லிங் ஆயிரத்துக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. சுற்று கொஞ்சம் ஏறினாலும் கன்வர்ட்டரின் இழுவை அதைவிட இரு மடங்கு வேகமாக ஏறும். நூற்றுப் பத்தைப் பிடிக்கிற கால் அழுத்தம் நூற்று எண்பதைப் பிடிக்காது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் தாளை நீட்டினார். பார்த்ததை எழுதினேன்.

கடைசியாகச் சங்கிலியைக் கழற்றி, சுவருக்குப் பதில் ஒரு காலி டிரம்மை வைத்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆரோக்கியசாமியை உட்காரச் சொன்னார். அன்று எப்படிப் பிரேக் பிடித்தாரோ அப்படியே பிடிக்க வேண்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கும்படி ஸ்டீயரிங் மேல் வைத்தார். எஸ்.ஐ. குனிந்து அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அசையாமல் நின்றது. அரை நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜின் ஒரு மூச்சு வாங்கி எகிறியது. வண்டி கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை போய் டிரம்மைத் தொட்டது. ஆரோக்கியசாமியின் கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதத்தான் சார் அன்னிலேர்ந்து சொல்லிகினு கீறேன்" என்றார். குரல் உயரவில்லை.

ரிப்போர்ட்டை நான் என் கையாலேயே எழுதினேன். ஐட்லிங்கை ஏற்றியவர், டெஸ்ட் வைக்காதவர், ஓட்டுநர் சொன்னதைக் கேட்டும் அலட்சியம் செய்தவர் என்று மூன்று இடத்தில் என் பெயர். எங்கள் முதலாளி படித்துவிட்டு, யார் ஏற்றினார்கள் என்பது இதில் எதற்கு, ஒர்க்‌ஷாப் பெயர் கெட்டுவிடுமே என்றார். அந்த வரி இல்லாத தாளில் தன் கையெழுத்து வராது என்று மேடம் நின்றார். வரி இருந்தது. ரிப்போர்ட் ஸ்டேஷனுக்குப் போனது. ஆரோக்கியசாமி பெயர் கேஸிலிருந்து எடுக்கப்பட்டது. என்னை இரண்டு முறை அழைத்து விசாரித்தார்கள், போய்ச் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் மேடமே என்னைப் பெஞ்சிலிருந்து இறக்கி, ஒரு மாதம் பாகங்கள் கழுவும் இடத்தில் போட்டார். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அது நியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை.

ஏழுமலையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழுமலை என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ ஆரோக்கியம் மேல தப்பு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. இருவரும் பன்னிரண்டு வருடமாக ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்களாம். பார்க்க வந்த ஆரோக்கியசாமியை அசிங்கமாகத் திட்டித் துரத்திவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வண்டி இன்னும் எங்களிடம்தான் இருந்தது. கழுவுகிற வேலை முடிந்து பெஞ்சுக்குத் திரும்பியதும் அதைக் கேட்டு வாங்கினேன். ரேஸ் காருக்குச் செய்ததுபோலக் கன்வர்ட்டரை வளைத்துக் கேமுக்குப் பொருத்தலாம் என்றேன். மேடம் ஒரு கேள்விதான் கேட்டார்: இந்த வண்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க யார் நிற்பார்கள்? அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. ஓடுதளத்தில் காருக்கு முன்னால் ஆள் நிற்பதில்லை. அப்படி வளைத்துத் தளர்த்திய கன்வர்ட்டர் நாள் முழுக்கப் பாரம் தூக்கினால் எண்ணெயும் கொதிக்கும். இந்த முறை கன்வர்ட்டர் அப்படியே இருக்கட்டும், கேம் அதற்கு இறங்கி வரட்டும் என்று முடிவானது.

தேய்ந்துபோன பழைய கேம் குடோன் மூலையில் கிடந்தது. அதை எடுத்து வந்து, தேய்ந்த மேடுகளில் உலோகம் ஏற்றி, கொருக்குப்பேட்டையில் கேம் கிரைண்டிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். வால்வு எத்தனை டிகிரியில் திறந்து எத்தனை டிகிரியில் மூட வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன். இழுவை ஆயிரத்து இருநூறில் தொடங்கி ஆயிரத்து எழுநூறில் நிறைந்து நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றேன். பவரைக் குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீதான் என்று அவர் சிரித்தார். இரண்டு முறை திருப்பிக் கொடுத்து, மூன்றாம் முறை மேட்டின் உயரம் அளக்கும் டயல் கேஜ் ஒப்புக்கொண்ட பிறகே வாங்கினேன்.

மாட்டினோம். ஸ்டால் டெஸ்ட், மூன்று தாளிலும் ஆயிரத்து எழுநூற்று இருபது. ஐட்லிங் எழுநூற்றைம்பது. தராசு முள் அறுபதில் போட்டோவில் இருப்பதுபோல நின்றது. முழுப் பாரத்தோடு சரிவில் விட்டோம். ரேஸ் கேமோடு பாதியில் திணறிய வண்டி ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. அதைப் பார்த்த குடோன் முதலாளி ஆரோக்கியசாமியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஒப்படைக்க நானும் மேடமும் குடோனுக்கே போனோம். ஏழுமலையும் ஊன்றுகோலோடு வந்து வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கேயே சரக்குச் சரிபார்க்கும் வேலை என்று முடிவாகியிருந்தது. ஆரோக்கியசாமி வண்டியை ஒரு சுற்று ஓட்டினார். டிரம் வைத்து மேடம் ஒருமுறை, இருமுறை நிறுத்திக் காட்டச் சொன்னார். சரியாக இருந்தது. ஆரோக்கியசாமி இறங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீ போய் அந்தச் செவுத்தாண்ட நில்லு."

மேடம் குறுக்கே வந்தார். டிரம் வைத்துப் பார்த்தாயிற்று, ஆள் தேவையில்லை என்றார்.

"டிரம்முக்கு காலு கெடையாது மேடம்" என்றார் ஆரோக்கியசாமி.

நான் போய் நின்றேன். ஏழுமலை குனிந்திருந்த அதே இடம். முதுகில் சுவரின் சூடு தெரிந்தது. அவர் ஒரு டன் கட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்தார். என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். கியரை எடுக்கவில்லை. பிரேக் மேல் கால் சும்மா இருந்தது, அழுத்தியதாகத் தெரியவில்லை. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு தடுக்கல் வருகிறதா என்று என் உடம்பு முழுவதும் காதாக இருந்தது. வரவில்லை. மேடம் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. அறுபது வரை எண்ணியிருப்பார்.

ஆரோக்கியசாமி சாவியைத் திருப்பி அணைத்தார்.

"போதும்ணே. வா, டீ சாப்புடலாம்" என்றார்.